நடுவளவுக் காமிரா: எடை போட்டுப் பார்த்தோம்

(மல்லாபூரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இசை பேசுவது மரபு. காமிராவைப் பற்றிப் பேச மூவர் எழுந்து வந்திருக்கிறார்களே என்று நீங்கள் வியக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்கள் மூவரில் ஒருவர் இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் வரைபடப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மற்றொருவர் வீட்டுக் குளியலறையையே இருட்டறையாக்கிப் படம் கழுவிய பழைய பித்தர். மூன்றாமவர் இளைஞர், மல்லாபூர், நாச்சாரம், மௌலாலி வட்டாரத்துத் திருமணங்களைப் படமெடுத்துக் குடும்பத்தைக் காப்பவர். பொங்கல் விழா முடிந்த ஓர் இரவில் அந்த இளைஞர் எங்களிடம் வந்து, "மாமா, ஒரு மீடியம் ஃபார்மட் காமிரா வாங்கலாம் என்று இருக்கிறேன். அம்மா தன் சங்கிலியை வங்கியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டார்.

ஒரு தாயின் சங்கிலி சம்பந்தப்பட்ட கேள்விக்கு வாய்க்கு வந்தபடி விடை சொல்லிவிட முடியுமா? "இதே வகைக் காமிராவை மூன்று நாள் வாடகைக்கு எடு. மூவரும் சேர்ந்து சோதிப்போம். பிறகு முடிவு செய்யலாம்" என்றோம். அப்படியே செய்தோம். அந்தச் சோதனையில் நாங்கள் கண்டதையும், அதன் முடிவில் நம் சங்கத்திற்கென எங்களுக்குத் தோன்றிய ஒரு வேண்டுகோளையும் உங்கள் முன் வைக்கவே இங்கு நிற்கிறோம். எடுத்து வந்த காமிராவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புகழ்ந்தால் விளம்பரமாகும், குறை சொன்னால் வசையாகும். நூறு மெகாபிக்சல் கொண்ட நடுவளவுக் காமிரா என்ற அளவில் நீங்கள் அறிந்துகொண்டால் போதும்.

நடுவளவு என்பது யாது?

பெயரின் பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கோடாக் நிறுவனம் 1901ஆம் ஆண்டில் 120 என்னும் எண்ணுடைய சுருள் பிலிமை வெளியிட்டது. 1929இல் ஜெர்மனியில் பிறந்த ரோலைபிளெக்ஸ் காமிரா இவ்வகைச் சுருளுக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. மேலே ஒரு கண், கீழே ஒரு கண்ணாக இரட்டை லென்ஸ் வைத்த அந்தப் பெட்டியை மார்பளவில் பிடித்து, தலையைக் குனிந்து பார்த்துப் படமெடுப்பார்கள். நம் ஊர் ஸ்டூடியோக்களில் ரோலைபிளெக்சும், அதன் சாயலில் ஜப்பானியர் செய்த யாஷிகாவும் நெடுங்காலம் அரசாண்டன. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். "அசையாதே, கண்ணை மூடாதே" என்று ஸ்டூடியோக்காரர் அதட்டியதன் பொருளாதாரம் இப்போது விளங்குகிறதன்றோ! உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 'இந்து' என்னும் பெயரில் நம் நாட்டுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிமைத் தந்தது. இன்று அவ்வாலை இயங்கவில்லை.

சிறிய 35 மில்லிமீட்டர் பிலிமுக்கும், ஸ்டூடியோவின் பெரிய தகடுகளுக்கும் இடைப்பட்டதாக நின்றதால் இதற்கு நடுவளவு என்று பெயர் வந்தது. டிஜிட்டல் காலத்தில் பிலிமின் இடத்தைச் சென்சார் பிடித்துக்கொண்டது. பெயர் மட்டும் பழையபடி தொடர்கிறது. பென்டாக்ஸ் 645டி 2010இலும், ஹாசல்பிளாட் எக்ஸ்1டி 2016இலும், பியூஜிபிலிம் ஜிஎப்எக்ஸ் 50எஸ் 2017இலும் வந்தன. இம்மூன்றின் சென்சாரும் ஏறத்தாழ 44க்கு 33 மில்லிமீட்டர். இதைவிடப் பெரிதாக, 53க்கு 40 மில்லிமீட்டர் அளவுடையவையும் உண்டு. அவற்றின் விலை சாதாரண மனிதர் விசாரிக்கத் தக்கதன்று.

இனி, வரைபடப் பிரிவிலிருந்து வந்த நண்பர் போட்ட கணக்கைக் கேளுங்கள். திருமண வீடுகளில் இன்று பெரும்பாலும் பயன்படும் முழுச்சட்டக் காமிராவின் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். நாங்கள் எடுத்துவந்த நடுவளவின் பரப்பு சுமார் 1,440. அதாவது 1.67 மடங்கு. பழைய 120 பிலிமின் சதுரமோ 56க்கு 56 மில்லிமீட்டர், பரப்பு 3,136. ஆகவே, இன்று நடுவளவு என்று விற்கப்படும் இச்சென்சார், நம் ஊர் ஸ்டூடியோக்காரரின் யாஷிகா பிலிமில் பாதிகூட இல்லை! பெயரைக் கேட்டு மயங்குபவர்கள் இக்கணக்கை நினைவில் வைப்பது நலம்.

"எங்கள் கைப்பேசியிலேயே நூறு மெகாபிக்சல் இருக்கிறதே" என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நூற்றெட்டு மெகாபிக்சல் கைப்பேசிகள் 2019இலேயே வந்துவிட்டன. ஆனால் அவற்றின் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவே. நடுவளவின் பரப்பு அதைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு. நூறு பேர் ஒரு கலியாண மண்டபத்திலும் இருக்கலாம், ஒரு பஸ்ஸிலும் இருக்கலாம். தலைக்கணக்கு ஒன்றேயாயினும், ஆளுக்குக் கிடைக்கும் இடமும் காற்றும் ஒன்றாகுமா? ஒவ்வொரு பிக்சலுக்கும் எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்பதிலேதான் நிழலின் உள்ளே துலங்கும் நுணுக்கமும், நிறத்தின் மென்மையான ஏற்ற இறக்கமும் அடங்கியிருக்கின்றன.

முதல் சோதனை: மௌலாலிக் குன்று

மல்லாபூரில் மாடி ஏறி நின்றால் மௌலாலிக் குன்று தெரிகிற வீடுகள் பல உண்டு. அத்தகைய மாடி ஒன்றில் முக்காலியை நிறுத்தினோம். இளைஞரின் 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் காமிராவையும் நடுவளவையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒரே காட்சியை, ஒரே ஒளியில், ஒரே சட்டத்திற்குள் அடங்குமாறு எடுத்தோம். இந்த ஒழுங்கு இல்லாமல் செய்யும் ஒப்பீடு எதுவும் ஒப்பீடாகாது. ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை மாலையிலும் எடுத்துவிட்டு, "நிறம் எப்படி இருக்கிறது பார்" என்பவர்களை நாம் நம்ப வேண்டியதில்லை.

கணினித் திரையில் உருப்பெருக்கிப் பார்த்தபோது நடுவளவு எங்களைத் திகைக்க வைத்தது. குன்றின் பாறைப் பிளவுகளும், படிகளில் ஏறுபவர்களின் ஆடை நிறமும் தெளிவாகத் தெரிந்தன. இளைஞரின் கண்கள் மின்னின. "பார்த்தீர்களா மாமா!" என்றார். பார்த்தோம். ஆயினும், திருமண வீட்டார் எவரும் கணினியில் உருப்பெருக்கிப் பாறை பார்ப்பதில்லையே! ஆகவே இரண்டையும் அச்சிட்டோம்.

அச்சுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கையில் பிடித்துப் பார்க்கும் படத்திற்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் இருந்தால் கண்ணுக்குக் குறை தெரியாது. 24 மெகாபிக்சல் படம் 6,000க்கு 4,000 புள்ளிகள். எனவே 20க்கு 13 அங்குலம் வரை தாராளமாகத் தாங்கும். நூறு மெகாபிக்சல் படம் 11,648க்கு 8,736. சுமார் 38க்கு 29 அங்குலம் வரை தாங்கும். நம் வட்டாரத்துத் திருமண ஆல்பத்தில் ஒரு பக்கம் பெரும்பாலும் 12க்கு 18 அங்குலம். சிறு காமிராவே அதற்குப் போதும் என்று கணக்கு கூறுகிறது.

கணக்கு மட்டும் போதாதென்று, 12க்கு 18 அளவில் இரண்டு பிரதிகள் எடுத்து, பின்புறத்தில் மட்டும் குறியிட்டு, சங்கத்து அன்பர்கள் சிலரிடம் காட்டி, "எது உயர்ந்த காமிராவின் படம்?" என்று கேட்டோம். பெரும்பாலோர் தடுமாறினர். துணிந்து சொன்னவர்களிலும் மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. அதே படங்களை 40 அங்குல அகலத்தில் அச்சிட்டுச் சுவரில் மாட்டி அருகில் வரச் சொன்னபோதுதான் வேறுபாடு எல்லோருக்கும் புலனாயிற்று. பத்தடி தள்ளி நின்றால் அதுவும் மறைந்தது.

இரண்டாம் சோதனை: வீட்டு விசேஷம்

அன்பர் ஒருவர் வீட்டில் அன்று காதணி விழா. இளைஞர் இரு காமிராக்களையும் தோளில் மாட்டிக்கொண்டு சென்றார். திரும்பி வந்தபோது அவர் பேச்சில் முன்பிருந்த வேகம் இல்லை. குழந்தை வீறிட்டு அழுத கணத்தைச் சிறு காமிரா பிடித்துவிட்டது. நடுவளவு குவியம் தேடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் எடுத்த படத்தில் கூரை விசிறியின் இறக்கைகள் அரிவாள்போல் வளைந்திருந்தன. பெரிய சென்சாரிலுள்ள விவரத்தை வரிசை வரிசையாகப் படித்து முடிக்க நேரம் பிடிப்பதால், அதற்குள் நகர்ந்துவிடும் பொருள் இவ்வாறு உருமாறுகிறது. மிருதங்கம் வாசிப்பவரின் விரலுக்கும் இதே கதி நேரும்.

"பின்னணி மங்கலாகி முகம் மட்டும் துலங்கும் அழகு இதில்தான் கிடைக்கும்" என்பது பலர் நம்பும் செய்தி. இதையும் கணக்கிட்டோம். நடுவளவில் எஃப் 2.8 துளையில் கிடைக்கும் மங்கல், முழுச்சட்டத்தில் எஃப் 2.2இல் கிடைப்பதற்குச் சமம். நடுவளவு லென்ஸ்கள் பலவற்றின் துளை எஃப் 2.8 அல்லது அதற்கும் சிறியது. முழுச்சட்டத்திற்கோ எஃப் 1.4, 1.2 லென்ஸ்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆகவே, மங்கலுக்காக மட்டும் நடுவளவு வாங்குவது, நிழலுக்காக வீடு கட்டுவதைப் போன்றது. அதற்கு ஒரு வேப்பமரம் போதும்.

இன்னொரு நுட்பமும் அறிந்துகொள்ளத் தக்கது. நடுவளவுக் காமிராக்களில் ஷட்டர் இரு வகையாக அமைகிறது. சென்சாருக்கு முன்னே திரைபோல் ஓடும் ஷட்டர் உள்ளவற்றில், பிளாஷ் விளக்குடன் 125இல் ஒரு விநாடி வேகம் வரைதான் வழக்கமாகச் செல்லலாம். லென்சுக்குள்ளேயே இதழ்போல் விரியும் ஷட்டர் உள்ளவற்றில் 2,000இல் ஒரு விநாடியிலும் பிளாஷ் வேலை செய்யும். நண்பகல் வெயிலில், மணமக்களை வெளியே நிறுத்திப் பிளாஷ் போட்டு எடுக்க விரும்புவோர் விலையைக் கேட்கும் முன் இதைக் கேட்டறிய வேண்டும்.

மூன்றாம் சோதனை: அம்மிக்கல்

எங்களுக்குக் கல்வெட்டுகளில் ஈடுபாடு உண்டு. கோயிலுக்குச் சென்று சோதிக்க நேரமில்லாததால், புதிதாகக் கொத்திய அம்மிக்கல் ஒன்றையே கல்வெட்டாகப் பாவித்தோம். நேர் முன்னிருந்து விளக்கடித்து நடுவளவில் எடுத்தபோது, நூறு மெகாபிக்சலிலும் கொத்து சரியாகத் தெரியவில்லை; கல் சமதளமாகக் காட்சியளித்தது. பின்னர் கைவிளக்கைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தோம். ஒவ்வொரு குழியும் தன் நிழலோடு எழுந்து நின்றது. கைப்பேசியில் எடுத்தாலும் எண்ணிவிடலாம்! ஒளி எங்கிருந்து விழுகிறது என்பதை அறிந்தவனுக்கு எளிய கருவியும் உதவும். அறியாதவனுக்கு விலையுயர்ந்த கருவியும் கைகொடுக்காது.

முன்னோர் செய்தது

இவ்விடத்தில் இரு முன்னோரை நினைவுகூர்வது பொருத்தம். ஒருவர் நாம் வாழும் இந்நகருக்குப் புகழ் சேர்த்த ராஜா தீனதயாள். மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தனாவில் 1844இல் பிறந்து, ரூர்க்கியில் பொறியியல் பயின்று, ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலிகானின் அரசவைப் புகைப்படக்காரராக உயர்ந்து, செகந்திராபாதில் ஸ்டூடியோ நடத்தியவர். 1905இல் மறைந்தார். நிழற்படத்தைப் பெரிதாக்கி அச்சிடுவது அக்காலத்தில் எளிதன்று. தகடு எவ்வளவோ, படமும் அவ்வளவே. பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கண்ணாடித் தகட்டைச் சுமந்து செல்ல வேண்டும். அவருடைய தகடுகளில் 2,857ஐ தில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989இல் பெற்றுப் பாதுகாத்து வருகிறது. மாளிகையின் சாளர வேலைப்பாட்டையும் அரசவையினரின் ஆபரணத்தையும் நாம் இன்று நுணுகிக் காண முடிகிறதென்றால், அந்தப் பெரிய தகடே காரணம்.

மற்றவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படையதிகாரி. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு முழுவதையும் ஒரே படத்தில் அடக்கும் காமிரா அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவர் என் செய்தார்? சிறிது சிறிதாக நகர்ந்து, 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். கருவியால் இயலாததைப் பொறுமையால் முடித்தார்.

இம்முறை பழமையானதென்று எண்ணிவிட வேண்டாம். நெதர்லாந்து நாட்டின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2022இல் ரெம்பிராண்ட் தீட்டிய 'இரவுக் காவல்' ஓவியத்தின் 717 கிகாபிக்சல் படத்தை வெளியிட்டது. நூறு மெகாபிக்சல் ஹாசல்பிளாட் காமிராவால் 8,439 துண்டுகளாக எடுத்து இணைத்தே அதையும் செய்தார்கள். உலகின் சிறந்த கருவி கையில் இருந்தும், துண்டு துண்டாக எடுத்து ஒட்டும் டிரைபின் வழியைத்தான் அவர்களும் பின்பற்றினர்.

நான்காம் சோதனை: தகரப்பெட்டி

மூன்றாம் நாள் மாலை, காமிராவைத் திருப்பித் தரச் சில மணி நேரமே இருந்தது. நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர் தகரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய தந்தையார் கும்பகோணத்தில் சிறிய ஸ்டூடியோ வைத்திருந்தவர். மூடியைத் திறந்தவுடன் புளித்த காடி வாடை அறை முழுதும் பரவியது. உள்ளே காகித உறைகளில் 120 நெகடிவ்கள்.

இருட்டறை நண்பரின் முகம் மாறியது. அவ்வாடையின் பொருள் அவருக்குத் தெரியும். அசிட்டேட் பிலிம் முதுமையடையும்போது தன்னுள்ளிருந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. வெளிவந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். வெப்பமும் ஈரப்பதமும் அதை விரைவுபடுத்தும். பிலிம் சுருங்கும், நெளியும், மேலுள்ள படலம் சுருக்கம் விழுந்து உரியும். அதன்பின் மீட்பது அரிது. வாடை வந்துவிட்டது என்றால் நாள் எண்ணப்படுகிறது என்று பொருள். நம் வீடுகளின் பரண்மேல், தகரக் கூரையின்கீழ், சித்திரை வெயிலில் எத்தனை பெட்டிகள் இப்படி வெந்துகொண்டிருக்கின்றனவோ!

உடனே வேலையில் இறங்கினோம். நண்பரின் பழைய என்லார்ஜர் தூணில் அதன் தலையைக் கழற்றிவிட்டு, காமிராவைக் கீழ்நோக்கிப் பொருத்தினோம். மேக்ரோ லென்சுக்கும் காமிராவுக்கும் இடையே ஒரு குழல் வளையத்தைச் சேர்த்தோம். கீழே வெள்ளை எல்.இ.டி. விளக்குப் பலகை, அதன்மேல் பால்நிறத் தகடு, அதற்கும் மேல், விளக்கின் புள்ளிகள் தெரியாதபடி சற்று உயரத்தில், நெகடிவ். அறை விளக்கை அணைத்தோம். பருத்திக் கையுறை அணிந்து, பந்துபோன்ற ஊதுகுழலால் தூசியை நீக்கி, ஒவ்வொன்றாக எடுத்தோம். இரண்டு விநாடி தாமத ஷட்டர். எவரும் தரை அதிர நடக்கக்கூடாது.

56 மில்லிமீட்டர் சதுரத்தின் குறுக்கே 8,736 புள்ளிகள்! அங்குலத்திற்கு ஏறத்தாழ 4,000. முதல் இரு சோதனைகளிலும் மிகையாகத் தோன்றிய கருவி இங்கே தன் வேலையைக் கண்டுகொண்டது. ஒரு நெகடிவில் தேரோட்டத்தைப் பார்க்க நின்ற கூட்டம். கணினியில் அதை நேர்ப்படமாக மாற்றி, சற்றே பெரிதாக்கினோம். கடைப் பெயர்ப்பலகையின் எழுத்துகளைப் படிக்க முடிந்தது. அன்பர் குனிந்து பார்த்தார். பலகையின் கீழே, திண்ணை ஓரத்தில், இடுப்பில் குழந்தையுடன் நின்ற ஒரு பெண்ணின்மேல் விரலை வைத்தார். சற்று நேரம் பேசவில்லை. "எங்கள் அம்மா. இடுப்பில் இருப்பது நானாகத்தான் இருக்கவேண்டும்" என்றார். தாயாரின் படம் தம்மிடம் ஒன்றுகூட இல்லை என்று அவர் பலமுறை எங்களிடம் சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோ வைத்திருந்தவரின் வீட்டிலேயே வீட்டுக்காரியின் படம் இல்லாமற்போனது! அந்தப் பெண் இத்தனை ஆண்டுகளும் அந்தப் பெட்டிக்குள்ளேயே, அரை மில்லிமீட்டர் முகத்துடன், நின்றுகொண்டிருந்தார்.

அன்றிரவு எடுக்க முடிந்ததை எடுத்தோம். சில உறைகளுக்குள் பிலிம் முன்பே உரிந்து போயிருந்தது.

எங்கள் முடிவு

இனி, இளைஞரின் கேள்விக்கு விடை. திருமணப் பணிக்கென இக்காமிராவை வாங்க வேண்டாம் என்றோம். விலை ஒருபுறம் இருக்கட்டும். அது 2019க்கும் 2024க்கும் இடையே வெகுவாக இறங்கியது. பியூஜிபிலிம் தன் முதல் நூறு மெகாபிக்சல் நடுவளவு உடலை அமெரிக்காவில் 2019இல் 9,999 டாலருக்கு விற்றது. அதே பிக்சல் எண்ணிக்கையுடைய சிறிய உடலை 2024இல் 4,999 டாலருக்கு வெளியிட்டது. இன்று கடன்பட்டு வாங்கினால், கடன் தீரும்முன் கருவியின் மதிப்பு பாதியாகிவிடலாம். விலைக்கு அப்பாலும் செலவு உண்டு. சுருக்காத நிலையில் ஒரு படம் ஏறக்குறைய 200 மெகாபைட். இரண்டு நாள் திருமணத்தில் 3,000 படம் எடுத்தால் 600 கிகாபைட். இரண்டு பிரதி வைத்தால் 1,200. அதைச் சுமக்கும் தட்டு, அசைக்கும் கணினி, உரிய லென்ஸ் எல்லாம் சேர்த்தால் சங்கிலி ஒன்று போதாது.

பின் யாருக்கு ஏற்றது? சுவரளவு படம் அச்சிடுவோர், கட்டடங்களையும் ஓவியங்களையும் பதிவு செய்வோர், நகை, பட்டு முதலியவற்றை விளம்பரத்திற்காக எடுப்போர், பழைய நெகடிவ்களையும் கண்ணாடித் தகடுகளையும் படியெடுப்போர் ஆகியோருக்கு. அசையாத பொருள், உறுதியான முக்காலி, அவசரமில்லாத நேரம் இம்மூன்றும் அமைந்த இடத்தில் நடுவளவு தன் விலைக்கு உரியதைத் திருப்பித் தருகிறது. அவர்களும், வாரம் ஒருமுறையாவது வேலை இருந்தாலன்றி, வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை.

வாங்க எண்ணுவோர் கடைக்குச் செல்லுமுன் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். என் படம் எந்த அளவில் அச்சாகிறது? நான் எடுக்கும் பொருள் அசைகிறதா, நிற்கிறதா? இன்றுள்ள கருவியால் முடியாமற்போன வேலை எது? மூன்றாவது கேள்விக்கு ஓர் உதாரணமாவது சொல்ல முடியவில்லை என்றால், குறை கருவியில் இல்லை என்று உணரலாம்.

இளைஞர் ஏற்றுக்கொண்டார். தாயாரின் சங்கிலி தாயாரின் கழுத்திலேயே இருக்கிறது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையார் இதைக் கேட்டுப் புன்னகை புரிகிறார்! தம்மிடமிருந்த காமிராவுக்கு ஒரு மேக்ரோ லென்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டார். 24 மெகாபிக்சலிலும், ஒரு நெகடிவை நான்கு துண்டுகளாகச் சற்று மேற்படும்படி எடுத்துக் கணினியில் இணைத்தால், நடுவளவு ஒரே முறையில் தருவதற்கு நெருங்கிய விவரம் கிடைக்கிறது என்பதைச் செய்து காட்டினார். நேரம்தான் கூடுதலாகிறது. 1858இல் டிரைப் காட்டிய வழி 2,000 ரூபாய் விளக்குப் பலகையின்மேலும் செல்லுபடியாகிறது.

ஒரு வேண்டுகோள்

அன்பர்களே! பிழைப்பைத் தேடி இந்நகருக்கு வந்தபோது நாம் கொண்டுவந்தவை சில பாத்திரங்களும் ஒரு டிரங்குப் பெட்டியும். அப்பெட்டியின் அடியில் நெகடிவ் உறைகள் இருந்தால், இன்றிரவே திறந்து முகர்ந்து பாருங்கள். காடி வாடை வந்தால், அவற்றைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காகித உறைக்கு மாற்றுங்கள்; நல்ல நெகடிவ்களிலிருந்து தனியே பிரித்து வையுங்கள்; பரணிலிருந்து இறக்கிக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பிறகு எங்களிடம் கொண்டு வாருங்கள். அச்சிட்ட பழைய படங்களுக்குப் பெரிய காமிரா வேண்டியதில்லை. 600 புள்ளி ஸ்கேனரே போதும். அதையும் நாங்கள் செய்து தருவோம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்லார்ஜர் தூண் நிற்கும் அந்த வீட்டில் மூவரும் இருப்போம். பெட்டிகள் நிரம்ப வந்தால், ஆண்டுக்கு மூன்று நாள் நடுவளவுக் காமிராவை வாடகைக்கு எடுக்கச் சங்கம் நிதி ஒதுக்க வேண்டும் என்று தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று நம்மிடையே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். நூறு மெகாபிக்சலாலும் ஒரு பெயரைக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னும் சிறந்த காமிராக்கள் ஆண்டுதோறும் வரும். அவை நமக்காகக் காத்திருக்கும். பெட்டிக்குள் இருக்கும் பிலிம் காத்திருக்காது. வரும் ஞாயிறன்று உங்களை எதிர்பார்க்கிறோம்.